வழி நல்லா இருக்கு

எனக்கு இப்போதும் போன் அடித்தால் பயம். அடிக்காமல் கிடந்தால் அதைவிடப் பயம். இரண்டுக்கும் நடுவில் நிம்மதி என்று ஒன்று இருக்குமே, அது அந்த ஒரு சாயங்காலத்தோடு போய்விட்டது.

சூரியநெல்லிக்கு மேலே எங்கள் லயம். ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டிய எஸ்டேட் வீடுகள்; முதல் வீட்டில் மிளகாய் தாளித்தால் கடைசி வீட்டில் தும்முவார்கள். நான் கொழுந்து பறிக்கிறவள். என் வீட்டுக்காரர் மேட்டில் இருக்கும் ஒரு ரிசார்ட்டில் சமையல் வேலை பார்க்கிறார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வேண்டியதை அரைத்து, வெட்டி, வைத்துவிட்டு, இருட்டப் போகும் நேரத்தில் கிளம்புவார். ஜீப் ரோடு மலையையே சுற்றிக்கொண்டு வரும். தேயிலைக் காட்டுக்குள் இறங்கும் குறுக்குப் பாதை நேராக எங்கள் வாசலில் கொண்டுவந்து விடும். எல்லோருக்கும் குறுக்குப் பாதைதான்.

அந்தப் பாதையில்தான் அவனும் வருவான். அவன் என்றால் யானை. எங்கள் பக்கத்தில் பொழுது சாய்ந்த பிறகு அந்தப் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். வேலையிடத்திலிருந்து கிளம்புகிறவர்கள் வீட்டுக்குப் போன் போட்டு, "வழி எப்படி?" என்று மட்டும் கேட்பார்கள். வீட்டில் வாட்ஸ்அப் உள்ள போன் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் வழி சொல்ல வேண்டும். அதற்கென்றே ஒரு குரூப் உண்டு. காட்டிலாகா வாச்சர்மார் அதில் போட்டுக்கொண்டே இருப்பார்கள்: பங்களா வளைவில் ஒற்றை, ஓடைக்கு அக்கரையில் கூட்டம் என்று. அதைப் பார்த்து, "அவன் வழியில நிக்கான், வராதீய" என்று சொல்வோம். குரூப்பில் ஒன்றும் வரவில்லை என்றால், "வழி நல்லா இருக்கு." இவ்வளவுதான் எங்கள் சட்டம். ஒன்றும் வராமல் இருப்பதற்கு வேறு காரணமும் இருக்கலாம் என்று லயத்தில் ஒருத்தருமே யோசித்ததில்லை.

எங்கள் வீட்டில் அந்த போன் என் கையில் இருந்தது. அவரிடம் இருந்தது பட்டன் போன். ரிசார்ட் அடுப்படியில் காற்றாடி போடும் இரைச்சலில் கேட்க வேண்டுமே என்று, நான்தான் அதன் சத்தத்தை உச்சத்தில் வைத்துக் கொடுத்திருந்தேன். அடித்தால் செத்தவன் எழுந்து உட்காருவான்.

அந்த வருஷம் எனக்குப் படப் பைத்தியம் பிடித்திருந்தது. ஒரு குறும்படப் போட்டி. வேலையிலிருந்து ஓய்வு பெறும் ஒருத்தி, லயத்து வீட்டைக் காலி செய்து கொடுக்கும் கடைசி நாள். இதுதான் கதை. நடித்தது பக்கத்து வீட்டு மதினி. மதினியைப் பற்றி என்ன சொல்ல? "அழுங்க மதினி" என்றால் சிரிப்பாள். "சிரிங்க" என்றால், "பல்லு சரியில்லட்டி, வாயை மூடிக்கிட்டே சிரிக்கட்டா?" என்பாள். ஆனால் வெறும் வீட்டைப் பெருக்கிவிட்டு, துடைப்பத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாளே, அந்த ஒரு காட்சி! அவளுக்குச் சொல்லிக் கொடுத்தும் வரவில்லை, நான் யோசித்தும் வரவில்லை. தானாக வந்தது. அதை எடுத்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

எடுப்பது வரைக்கும் போன் நல்ல பிள்ளை. வெட்டி ஒட்ட ஆரம்பித்த பிறகுதான் அதன் குணம் தெரிந்தது. உள்ளங்கை அகலத் திரையில் படம் ஒரு பாதி, வெட்டுகிற கோடு ஒரு பாதி. வெட்ட வேண்டிய இடத்தில் விரலை வைத்தால் விரலே அந்த இடத்தை மறைத்துவிடும். எடுத்துப் பார்த்தால் மதினியின் பாதி வார்த்தை போயிருக்கும். போதாக்குறைக்கு என் விரல்கள். கொழுந்து பறித்துப் பறித்து, கறை ஏறி, வெடித்து, ரேகை தேய்ந்த விரல்கள். பத்துத் தடவை தொட்டால் ஒரு தடவைதான் போனுக்குத் தெரியும். ரேகை வைத்துத் திற என்று கேட்கும். வைத்தால், நீ யாரோ என்னும். என் காசில் வாங்கிய போன் என்னைப் பார்த்து யார் நீ என்று கேட்கிற அநியாயத்தை நான் எங்கே போய்ச் சொல்ல?

பஜாரில் ஸ்டுடியோ வைத்திருப்பவரிடம் ஒரு நாள் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சிரித்தார்.

"இது போனாக்கும் சேச்சி. கரண்டியை வச்சு கெணறு தோண்டுறீங்க. கம்ப்யூட்டர்ல போட்டா ஒரு நிமிஷத்துல ஆகிற வேலை."

"கரண்டிதான இருக்கு. அதான் கரண்டியால தோண்டுறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எனக்கு ரோஷம் ஜாஸ்தி. உரலில் தலையைக் கொடுத்தாயிற்று, உலக்கைக்குப் பயந்தால் ஆகுமா?

கடைசி நாள் சாயங்காலம் வந்தது. இருட்டுவதற்குள் படத்தை அனுப்ப வேண்டும். வெட்டி ஒட்டிய துண்டுகளையெல்லாம் போன் ஒரே படமாக ஆக்கித் தர வேண்டும், அதுதான் மிச்சம். பட்டனை அழுத்தியதும் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அடியில் எச்சரிக்கை: இந்தத் திரையை விட்டு வெளியே போகாதே, போனால் எல்லாம் நின்றுவிடும். சரிதான் தாயே என்று போனைத் தரையில் வைத்தேன். சூடென்றால் அப்படி ஒரு சூடு, தோசை வார்க்கலாம். ஈரத் துணியை விரித்து அதன்மேல் வைத்து, பிரசவத்துக்குக் காத்திருப்பவள் மாதிரி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வெளியில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. வாசலுக்கு எதிரே இருக்கும் சில்வர் ஓக் மரம் முதலில் காணாமல் போனது, அப்புறம் படி, அப்புறம் செருப்பு.

வட்டம் முக்கால்வாசி நிறைந்திருந்தபோது அவர் கூப்பிட்டார். வட்டம் நின்றுவிடுமோ என்று அதைத்தான் முதலில் பார்த்தேன். நல்லவேளை, நிற்கவில்லை.

"வழி எப்படிட்டி?"

குரூப்பைத் திறக்க முடியாது, திறந்தால் படம் போயிற்று. ஆனால் செய்தி வந்தால் திரையின் மேல் ஓரத்தில் விழுமே. வேலை ஆரம்பித்ததிலிருந்து கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்றுமே விழவில்லை.

"வழி நல்லா இருக்குங்க, வாங்க."

"படம் ஆச்சா?"

"ஆயிக்கிட்டே இருக்கு."

"சரி, இறங்குறேன்" என்று வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரம் போயிருக்கும். மதினி ஓடி வந்தாள். படத்தைப் பார்க்கத்தான் வருகிறாள் என்று நினைத்து, "இன்னும் முடியல மதினி, பொறுங்க" என்றேன். அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது.

"ஏட்டி, அண்ணாச்சி எங்க?"

"இப்பத்தான் கிளம்புனாக."

"குரூப்பப் பாக்கலியா நீ? ஒத்தையா ஒருத்தன் மஸ்டருக்குக் கீழ பாதையிலேயே நிக்கானாம்! மருமவ போன்ல வந்துக்கிட்டே இருக்கு!"

மஸ்டர் என்பது காலையில் பேர் கொடுக்கும் கொட்டகை. குறுக்குப் பாதை அதை ஒட்டித்தான் இறங்குகிறது. நான் போனைப் பார்த்தேன். மேல் ஓரம் சுத்தமாக, வெறுமையாக இருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. படத்தை ஒட்டுகிறேன் என்று அந்தச் சனியன் மிச்சமிருந்த இடத்தையெல்லாம் விழுங்கிவிட்டது. ஒரு செய்தி வந்து உட்காரக்கூட இடமில்லாமல் போனதால் எல்லாம் வாசலிலேயே நின்றுவிட்டன. இதெல்லாம் அப்புறம் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். வழி நல்லா இருக்கு என்று நான் சொன்னேன். அதை நம்பி அவர் இறங்கிவிட்டார்.

"கூப்பிடுட்டி! திரும்பிப் போகச் சொல்லு!" என்று மதினி கத்தினாள்.

"உங்க மருமவ போன்ல அடிக்கச் சொல்லுங்க மதினி."

"அவகிட்ட பழைய நம்பர்தான இருக்கு. புது நம்பர் என்ன?"

புது நம்பர் என்ன? ரிசார்ட்டில் டவர் எடுக்கவில்லை என்று அவர் போன மாதம்தான் நம்பர் மாற்றியிருந்தார். அது என் போனுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது. கட்டிய புருஷன் நம்பரில் முதல் எண்கூட எனக்கு வரவில்லை. ரிசார்ட் நம்பரும் அதற்குள்தான். எல்லாமே அந்த ஒரு சின்னப் பெட்டிக்குள் கிடந்தது, பெட்டி வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

வெளியேறும் பட்டனைத் தொட்டேன். போன் கேட்டது: வெளியேறினால் இதுவரை செய்த வேலை அழிந்துவிடும், சம்மதமா? சம்மதம் என்று அழுத்தினேன். கேட்கவில்லை. மறுபடி அழுத்தினேன். துணியில் இருந்த ஈரம் விரலில், விரலில் கறை. பாவாடையில் துடைத்துத் துடைத்து அழுத்தினேன். வட்டமும் நின்றுவிட்டது, திரையே கல்லாகச் சமைந்துவிட்டது. "ஆண்டவரே, ஆண்டவரே" என்று சொல்லிக்கொண்டே பக்கத்துப் பட்டனை நெரித்து அணைத்தேன். அணைந்து, பேர் காட்டி, வெளிச்சம் காட்டி, அது ஆடி அசைந்து உயிர் பிடிப்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. திறப்பதற்குக் கோடு போடச் சொன்னது, போட்டால் என் விரல் அதற்குத் தெரியவில்லை. அந்த நேரத்திலும் யார் நீ என்று கேட்டது! மதினி என் கையிலிருந்து பிடுங்கி, கோடு போட்டுத் திறக்கும் விதத்தை நான் சொல்லச் சொல்ல, அவளே போட்டாள்.

திறந்ததும் கொட்ட ஆரம்பித்தது. டிங், டிங், டிங். ஒற்றை. மஸ்டர் பக்கம். பாதையில் நிற்கிறது. யாரும் வர வேண்டாம். இப்போதும் அங்கேதான். எல்லாமே அவர் என்னிடம் வழி கேட்பதற்கு முன்னால் போட்டவை.

கூப்பிட்டேன். மணி போனது. எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மணி போகிறதே, இருக்கிறார், எடுப்பார் என்று போட்டுக்கொண்டே இருந்தேன். மதினியின் மருமகள் வாச்சரைக் கூப்பிட்டாள். லயத்து ஆம்பிளைகள் டார்ச்சும் வெடியும் எடுத்துக்கொண்டு கடைசி வீட்டுப் பக்கம் கூடினார்கள். யாரும் பனிக்குள் இறங்கத் துணியவில்லை, அவர்களைக் குறை சொல்ல முடியாது. கையை நீட்டினால் விரல் தெரியாத பனி. நான் படியில் நின்றபடி அடித்துக்கொண்டே இருந்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பனியெல்லாம் யானை. ஒவ்வொரு வெள்ளைக்குப் பின்னாலும் ஒருத்தன் நின்றான்.

அப்புறம் மணி போவது நின்றது. ஒரு பெண் குரல் வந்தது. எந்த அவசரமும் இல்லாத, நல்ல மலையாளக் குரல். நீங்கள் கூப்பிடுகிற ஆள் பரிதிக்குப் புறத்து என்றது. தொடர்பு எல்லைக்கு வெளியே. தினமும் கேட்கிற வாசகம்தான். அன்றைக்கு அதைக் கேட்டதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மதினி என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணும் ஆகாதுட்டி, ஒண்ணும் ஆகாது" என்றாள். நல்லா இருக்கு வாங்க, நல்லா இருக்கு வாங்க என்று என் குரலே என் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பின்பக்கத்தில், சர்ச்சுக்குப் போகும் மேட்டுப் பாதையில், யாரோ இருமினார்கள். அந்த இருமலை எனக்குத் தெரியும். மிளகாய்ப் புகை தின்று தின்று வந்த சமையல்காரன் இருமல்.

அவர் ஒற்றைச் செருப்போடு வந்தார். முட்டியெல்லாம் சேறு, முகமெல்லாம் தேயிலைக் குச்சி கீறிய கோடு. வந்து படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். செம்பைக் கையில் கொடுத்தால் பிடிக்க முடியவில்லை. நான்தான் பிடித்துக் குடிக்கக் கொடுத்தேன். ஆம்பிளைகள் சுற்றி நின்று, எங்கே, எப்படி என்று கேட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

"மஸ்டர் தாண்டி இறங்குறேன். ஒடிக்கிற சத்தம். நின்னுட்டேன். பாத்தா, இந்தா, அந்தத் தூண் தூரத்துல முதுகு. அவன் என்னப் பாக்கல. அப்படியே செடிக்குள்ள குந்திட்டேன். மூச்சு விடல. அவன் பாட்டுக்குப் போயிருவான்னு நெனச்சேன்."

என்னைப் பார்த்தார்.

"அப்பத்தான் பாக்கெட்டுல போன் அடிச்சுது."

அந்தச் சத்தம்! செத்தவனை எழுப்பும் என்று நான் பெருமையாக வைத்துக் கொடுத்த சத்தம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நான்தான் ஊதியிருக்கிறேன்.

"திரும்பிட்டான். காது விரிஞ்சிட்டு. பட்டன் எங்கன்னே கைக்குத் தெரியல. எடுத்துப் பள்ளத்துல வீசிட்டேன். அது அங்க போயும் அடிக்கி. அவன் சத்தத்தப் பாத்து எறங்கிட்டான். நிக்கும், மறுபடி அடிக்கும். அடிக்க அடிக்க அவன் கீழ போறான். நான் இந்தப் பக்கம் தவழ்ந்து ஏறிட்டேன். அப்புறம் அத மிதிச்சிட்டான் போல. சத்தம் நின்னுட்டு."

"மவராசி விடாம அடிச்சாளே, அதான் பொழச்சீக" என்றாள் மதினி. எல்லோரும் அதையே சொன்னார்கள். நான் முதல் தடவை அடிக்காமல் இருந்திருந்தால் அவன் திரும்பியே இருக்க மாட்டான் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. அவருக்கு அது தெரியும் என்பது எனக்குத் தெரியும்.

கூட்டம் கலைந்த பிறகு அவர் முகத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். கண்ணை மூடியிருந்தவர் திறந்து கேட்டார்.

"படம் அனுப்பிட்டியா?"

எனக்கு வந்ததே கோபம். "படமா? படத்துல இடி விழ! போனத் தூக்கி அடுப்புல போடுறேன் பாருங்க" என்று கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே அழுகை பொங்கிவிட்டது. சாவின் வாயிலிருந்து தவழ்ந்து வந்த மனுஷன் கேட்கிற கேள்வியா அது? படம் போய்விட்டது. ஒட்டிய வேலை முழுக்கப் போய்விட்டது. மதினி துடைப்பத்தோடு நின்ற காட்சி உடைந்து, பாதி முகமும் பச்சைக் கோடுகளுமாகக் கிடந்தது. அதற்காகவும் அன்றைக்கே அழுதுவிட்டேன். அதற்கென்று தனியாக ஒரு அழுகையை மிச்சம் வைக்கவில்லை.

மறுநாள் அவர் வேலைக்குப் போனார். போகாமல் முடியுமா? சாயங்காலம் என் போன் அடித்தது. தூக்கிவாரிப் போட்டது எனக்கு. ரிசார்ட் அடுப்படி போனிலிருந்து அவர்தான்.

"வழி எப்படிட்டி?"

குரூப்பைத் திறந்தேன். அன்று போனில் இடம் தாராளமாக இருந்தது. படத்தின் துண்டுகளைக் காலையிலேயே அழித்திருந்தேன். குரூப்பில் ஒன்றும் இல்லை. காலையில் மிதிபட்ட போனை யாரோ படம் எடுத்துப் போட்டிருந்தார்கள், அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. வழி நல்லா இருக்கு என்று சொல்ல வேண்டும். ஊர்ச் சட்டம் அதுதான். வாயைத் திறந்தேன். வாசலுக்கு வெளியே சில்வர் ஓக் மரம் பாதி தெரிந்தது.

"ஏட்டி, இருக்கியா? வழி எப்படின்னு கேட்டேன்."

"தெரியலங்க" என்றேன்.

அந்தப் பக்கம் காற்றாடி இரைச்சல் மட்டும் கேட்டது. எங்கள் லயத்தில் யாரும் அப்படி ஒரு பதில் சொன்னதில்லை. அப்புறம், "சரி, ஜீப்புல வாரேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்தார்.